எங்கள் தெருவின் முப்பது குடும்பங்களால் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து நிற்க முடியுமா?

கேள்வி: பெரம்பூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து வீடு வீடாகச் சென்று கணக்கீட்டுப் படிவங்களை நிரப்ப உதவினோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் அவர்களுடைய பெற்றோரின் பெயர்களைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலம் முழுவதிலுமாகச் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றுள் பல உண்மையாகவும் இருந்தன. ஆனால் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்ததால் படிவம் கொடுக்க இயலாமற்போன எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் பெயரும் அதில் இல்லை. அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க வைத்த அன்றுதான், ஒரு மனிதரின் குடியுரிமை வாழ்வு எவ்வளவு மெல்லிய தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

அந்த வேலை முடிந்த பிறகும் நாங்கள் கலைந்துபோகவில்லை. இப்போது முப்பது குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிப் பேசுகிறோம். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தெருவில் இறங்கிப் போராடாத குழு வெறும் பேச்சுக் குழுதான் என்கிறார்கள் சிலர். ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவதே நேர்மையான வழி என்கிறார்கள் வேறு சிலர். "நமக்கு எதற்கு வம்பு, நாட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்" என்று என் மாமனார் சொல்கிறார். அவர் கோழை அல்லர், குடும்பத்தைக் காக்க நினைப்பவர்.

எதேச்சாதிகாரம் என்று நான் சொல்வது ஏதோ ஒரு நாட்டில் பீரங்கியோடு வருவதை மட்டும் அன்று. ஒரு தலைவரின் சொல்லே சட்டம் என்று ஆவதும், கேள்வி கேட்பவர் நாட்டின் எதிரி என்று பேசப்படுவதும், எதிர்க்கட்சியினரின் வீடுகளுக்கு மட்டும் விசாரணை அமைப்புகள் வழி கண்டுபிடிப்பதும், செய்தியாளர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கூடியும் கூடாதவையாக ஆவதும் எனக்கு அதன் அடையாளங்களாகத் தோன்றுகின்றன. சென்ற வாரம் பதினேழு வயது மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "தலைவர் நல்லவராக இருந்தால் எல்லா அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டால் என்ன, டீச்சர்?" என்று கேட்டான். அவன் வம்புக்காகக் கேட்கவில்லை. நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

முப்பது குடும்பங்கள் உண்மையில் எதையாவது தடுக்க முடியுமா? முடியுமென்றால், முதலில் செய்ய வேண்டியது எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: திருவல்லிக்கேணி முதியவர்

அம்மா, எனக்கு எழுபத்து மூன்று வயது. 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்திட்டபோது, நான் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த இளைஞன். முதல் ஏழு மாதங்கள் சென்னையில் நாங்கள் அந்த இருட்டை முழுமையாக உணரவில்லை. இங்கே கருணாநிதி தலைமையிலான அரசு இருந்தது. அறிவிப்பு வந்த ஓரிரு நாளிலேயே தி.மு.க. செயற்குழு அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. காமராசரும் எதிர்த்தார், அந்த மனவேதனையோடேயே அக்டோபர் 2 அன்று மறைந்தார். வடக்கில் தேடப்பட்டவர்கள் சிலர் இங்கே வந்து தங்கிப்போக முடிந்தது.

1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. அதன் பிறகுதான், விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டமான மிசா என்ற சொல் எங்கள் தெருக்களுக்குள் நுழைந்தது. கைதானவர்களின் பட்டியலை எந்தப் பத்திரிகையும் வெளியிட முடியாது. தணிக்கை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் அச்சேறாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று முரசொலியில், அண்ணாவின் நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. தணிக்கைக்கு அது அஞ்சலிச் செய்தி. படித்தவர்களுக்கோ, சிறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது முழுவதும் தெரிந்துவிட்டது. எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் என்பதால் அந்தப் பக்கத்தை நான் மறக்கவே முடியாது.

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மத்தியச் சிறையில் அந்த நாட்களில் நடந்த அடி உதைகளைப் பின்னாளில் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இவையெல்லாம் பொதுவில் பதிவானவை. பதிவாகாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒருவரை மிசாவில் கொண்டுபோனார்கள். விசாரணை கிடையாது, திரும்பி வரும் தேதி கிடையாது. வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். முதல் வாரம் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை, இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன். கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். பிள்ளைகளோடு விளையாட வேண்டாம் என்று தெருவில் சொல்லி வைத்தார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அரசியலே பேசியறியாத எதிர்வீட்டு அம்மாள் ஒருவர், ஒரு படி அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். இரவில் மறைத்துக் கொண்டுபோயிருந்தால் அது வெறும் தருமமாக இருந்திருக்கும். பகலில் கொண்டுபோனதால் மறுநாள் இன்னொரு வீடு எண்ணெய் கொடுத்தது, அதற்கு மறுநாள் என் தாயார் போனார், மாதக் கடைசியில் கடைக்காரர் மறுபடி கணக்கு எழுத ஆரம்பித்தார். முப்பது குடும்பங்களால் என்ன முடியும் என்று கேட்டீர்கள். எங்கள் தெருவில் இருந்தவை இருபத்திரண்டு குடும்பங்கள்தான். நெருக்கடி நிலையை அவர்கள் விலக்கவில்லை. ஒரு குடும்பத்தைத் தனிமைப்படுத்துவதற்கு உடன்பட மறுத்தார்கள். அச்சம் வேலை செய்வது அந்தத் தனிமையின் வழியாகத்தான்.

இனிச் சொல்வது பலருக்குக் கசக்கும். 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியைத் தோற்கடித்தது; தமிழ்நாட்டிலோ அவருடைய காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணிதான் பெருவாரியான இடங்களை வென்றது. உரிமை பறிக்கப்பட்டதை நம் மக்கள் தேர்தல் விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடக் கசப்பானது எங்கள் மாநகராட்சியின் கதை. நெருக்கடி நிலை நீடித்தது 21 மாதங்கள். சென்னை மாநகராட்சி மன்றம் 1973 டிசம்பரில் கலைக்கப்பட்டு, மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். கலைத்தது, பின்னாளில் நெருக்கடி நிலையைத் துணிந்து எதிர்த்த அதே ஆட்சிதான். அதன் பின் வந்தவர்களும், எந்தக் கட்சியாயினும், தேர்தல் நடத்தும் அவசரம் காட்டவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் இந்த நகரத்தில் வளர்ந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை, தணிக்கை இல்லை, கறுப்புக் கொடி இல்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய ஒரு தனி அலுவலர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அது பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், மன்றத்தின் ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் காலாவதியான சென்னை மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் நடக்கவில்லை. இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணம் மாறி மாறி வந்தது. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரில், குடங்களோடு லாரிக்குக் காத்துக் கிடந்த 2019 கோடையில், கொரோனா வந்த 2020இல், இந்நகரின் 200 வார்டுகளில் ஒன்றிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. ஊரகத்திலும் அப்படித்தான்: 2025 ஜனவரி 5 அன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள்.

ஆகவே முதல் வேலை என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. டெல்லியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் வார்டில் குடியிருப்போர் கூடிப் பேச வேண்டிய பகுதி சபை எப்போது கூடியது, யார் அதன் உறுப்பினர், அங்கே போடப்பட்ட தீர்மானம் என்ன ஆனது என்று கேட்டு எழுதி வையுங்கள். 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழுவும் பகுதி சபைகளும் உண்டு. அழைப்பு வராவிட்டால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்களுக்குப் பிடித்த கட்சி ஆளும்போதும் இதையே கேளுங்கள். பிடிக்காதவரிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பதில்: எழும்பூர் வழக்கறிஞர்

பெரியவர் எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் வேறு வேலை செய்ய முடியவில்லை. நான் சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். ஆசிரியர் அவர்களின் குழுவில் சிலர் தெருவில் இறங்க நினைப்பதால் இது தேவைப்படும்.

சென்னையில் கூட்டமோ ஊர்வலமோ நடத்துவதற்குச் சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888, பிரிவு 41 குறுக்கே வரும். வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட அந்தப் பிரிவின்கீழ்க் காவல் ஆணையர் பதினைந்து நாள் வீதம் ஆணை பிறப்பித்து நீட்டித்துக்கொண்டே வருகிறார். ஆகவே ஐந்து நாட்களுக்கு முன்னதாக எழுத்தில் அனுமதி கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போவது கடினம். வள்ளுவர் கோட்டம், ராஜரத்தினம் விளையாட்டரங்கம் அருகே என்று சில இடங்களையே காட்டுவார்கள். பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர, அதிகாரியின் விருப்பத்துக்கு முழுவதும் விட்டுவிட முடியாது என்று இமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1972இலேயே கூறியிருக்கிறது. பழைய 144 தடை இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 163. நியாயமான கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, அடுத்தடுத்துப் பிறப்பித்துக்கொண்டே போவதும் அதிகார மீறல் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பு வந்தது. மனுவில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.

கைது நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் இப்போது பெரும்பாலும் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. கைது செய்யும் காவலர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். நேரமும் தேதியும் உள்ள கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவரோ அப்பகுதி மதிப்புக்குரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆம் உறுப்பின்படி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழலில், பெண் காவலர் மூலம், நடுவரின் முன் அனுமதியோடு தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்ய முடியாது. அந்தச் "சாட்சிக் கையெழுத்து" என்ற இடத்தில்தான் உங்கள் முப்பது குடும்பங்கள் வருகின்றன. கைதாகும் இடத்துக்குப் பக்கத்து வீட்டார் வந்து நின்றால் காவல் நிலையத்தின் நடத்தையே மாறுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

நீதிமன்றங்களை மட்டும் நம்பியிருங்கள் என்று ஒரு வழக்கறிஞனாக நான் சொல்ல மாட்டேன். 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குக் கிடைக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி மறு ஆண்டு ஜனவரியில் இளையவருக்குப் போனது. வாழ்வுரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்ற பாதுகாப்பு, மக்கள் ஆட்சியை மாற்றிய பின் 1978இன் 44ஆவது திருத்தத்தால் வந்தது. முதலில் வாக்குப் பெட்டி, பிறகுதான் சட்டப் புத்தகம்.

வாக்குப் பெட்டி என்றதால் இன்னொன்று. வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கு, படிவம் 17சி, சாவடியில் வேட்பாளர்கள் சார்பில் உட்காரும் முகவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ். பல வாக்குச்சாவடிகளில் முகவர் மாலை நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார், படிவத்தை வாங்க ஆள் இருப்பதில்லை. வாக்கு எண்ணிக்கை அன்று இயந்திரத்தில் உள்ள எண்ணை ஒப்பிட அந்தத் தாளைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. கட்சிகளின் முகவர்களாகக் கடைசி வரை உட்காரப் பொறுமையுள்ள பெண்கள் உங்கள் தெருவில் இருந்தால், வெவ்வேறு கட்சிகளுக்குக்கூட, அனுப்பி வையுங்கள்.

பதில்: புளியந்தோப்பு தொழிற்சங்கத்தார்

தோழர்கள் இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு. தெருக் குழு, மனு, தகவல் உரிமை என்று போய்க்கொண்டேயிருந்தால், அதிகாரத்துக்கு வலிக்கும் இடம் தொடப்படுவதே இல்லை. ஒரு தலைவர் எவ்வளவு பெரியவராயினும் ரயிலை ஓட்டுவது, கணக்கு எழுதுவது, மின்சாரம் கொடுப்பது, ஆணையைத் தட்டச்சு செய்வது எல்லாம் வேறு கைகள். அந்தக் கைகள் நிற்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரித் தேர்தலில் சர்வாதிகாரி மார்கோஸுக்கு ஆதரவாக எண்கள் மாற்றப்படுவதைக் கண்ட தேர்தல் ஆணையக் கணினிப் பணியாளர்கள் முப்பது பேர் அளவில், வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். இன்னொரு பக்கம் லட்சக்கணக்கான தன்னார்வலர்கள் சாவடிவாரியாகத் தனியே எண்ணி வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் பொய்க் கணக்கு நிற்கவில்லை. மாதம் முடியும் முன் மார்கோஸ் நாட்டைவிட்டுப் போனார். சிலியில் 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் ராணுவ ஆட்சியாளர் பினோசேயை வேண்டாம் என்றவர்கள் சுமார் 56 விழுக்காடு. எதிரணி தனியே நடத்திய எண்ணிக்கை அன்றிரவே கையில் இருந்ததால் முடிவை மறைக்க முடியவில்லை. (வழக்கறிஞர் சொன்ன 17சி என்ற தாளை இதோடு சேர்த்துப் பாருங்கள்.) தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, பொதுமக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடி வந்து படையினர் முன் நின்றார்கள், 190 உறுப்பினர்கள் உள்ளே போய் ஒருமனதாக அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். சில மணி நேரத்தில் அது முடிந்தது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1980இல் ராணுவ ஆட்சியை எதிர்த்துக் குவாங்ஜூ நகரில் சிந்திய இரத்தத்தை அந்த மக்கள் மறக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததுதான் அந்த ஓட்டத்தின் வேகம் என்று நான் நம்புகிறேன்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரும் கிளர்ச்சிகளை ஒப்பிட்டார்கள். ஆயுதம் ஏந்தாதவற்றுள் 53 விழுக்காடும், ஆயுதம் ஏந்தியவற்றுள் 26 விழுக்காடும் வென்றன. ஆயுதம் இல்லாத இடத்தில் கிழவியும் கைக்குழந்தைக்காரியும் சேர முடியும் என்பதே முக்கியமான காரணம். ஆனால் 2010க்குப் பிறகு இந்த வெற்றி விகிதம் இறங்கியிருக்கிறது என்பதையும் செனோவெத் எழுதியிருக்கிறார். அரசுகளும் கற்றுக்கொள்கின்றன.

பெரம்பூரில் இருந்துகொண்டு நாம் வெளிநாட்டை மட்டும் பேசக் கூடாது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண் அது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியா தலைவராக இருந்து, திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் கட்டிய சங்கம். அந்தச் சங்கத்தின் மிகப் பெரிய தோல்வியும் அங்கேயே நடந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறு பக்கம் என்று பிரிந்தார்கள். நான் குடியிருக்கும் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் தோற்றது. ஆலை நிர்வாகமும் வெள்ளை அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன. ஆனால் பிளவை அவர்கள் உண்டாக்கவில்லை. அது நம் வீடுகளிலேயே இருந்தது. ஆகையால் ஆசிரியர் தோழரிடம் ஒரு கேள்வி: உங்கள் முப்பது குடும்பங்களில், தெருக் கோடியில் இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து எத்தனை குடும்பங்கள்? மொட்டைமாடிக் கூட்டத்துக்கு அவர்கள் படியேறி வந்து, சமமாக நாற்காலியில் உட்காருகிறார்களா?

பதில்: பெசன்ட் நகர் வாசகி

சுருக்கமாக ஒன்று. 2019 டிசம்பர் 29 காலை எங்கள் பகுதியில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்ட இளம் பெண்கள் சிலரைக் காவல்துறை பிடித்து வைத்தது. அவர்களை விடுவிக்கப் போன வழக்கறிஞர்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாட்களில் அதே சொற்கள் தமிழ்நாடு முழுவதும் வாசல்களில் கோலமாக வந்தன. மார்கழி மாதம், எப்படியும் எல்லோரும் விடியலில் எழுந்து கோலம் போடும் காலம். புதிய கருவி எதையும் அவர்கள் தேடவில்லை. அரிசி மாவும் வாசலும் ஏற்கெனவே கையில் இருந்தன. தன் வீட்டு வாசலில் தான் போட்ட கோலத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது? போராட்டத்துக்கு வர அஞ்சிய என் தாயார், அன்று யாரும் சொல்லாமலேயே மாவுக் கிண்ணத்தோடு வெளியே போனார்.

பதில்: சட்டக் கல்லூரி மாணவர், வேளச்சேரி

டீச்சர், உங்கள் மாணவனின் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அவனைவிட எனக்கு ஐந்து வயதுதான் அதிகம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய நிறைவு உரையில் அவன் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் பக்தியோ சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி என்ற கருத்தை அவர் அங்கே சொன்னார். எவ்வளவு பெரிய மனிதரின் காலடியிலும் நம் உரிமைகளை வைத்துவிடக் கூடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில்லை மேற்கோள் காட்டினார், நன்றிக்கும் எல்லை உண்டு என்றார். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில் வளர்ந்தவன் நான். என் குடும்பமும் ஒரு தலைவரின் படத்தைப் பூஜை அறையில் வைத்திருந்த குடும்பம். அவர் எங்களுக்கு உண்மையிலேயே நன்மை செய்தார். என் அக்கா படித்தது அவர் கொண்டுவந்த திட்டத்தால். அதனால்தான் மாணவனின் கேள்வி எளிதானது இல்லை என்கிறேன். நன்மை செய்தவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நமக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். நல்லவரிடம் எல்லா அதிகாரமும் கொடுத்தால் என்ன என்று அவன் கேட்டால், அவருக்குப் பின் வருபவர் அதே நாற்காலியில், அதே அதிகாரத்தோடு உட்காருவாரே, அவரை யார் தேர்ந்தெடுப்பார் என்று அவனிடமே திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் அதே உரையில் இங்கே பலருக்கு உவக்காத ஒரு பகுதியும் உண்டு. அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை, சட்ட மறுப்பு ஆகியவற்றைக் கைவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார் அம்பேத்கர். தொழிற்சங்கத் தோழர் சொல்வதற்கு இது எதிராகத் தோன்றும். நான் பல முறை படித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: அந்த வாக்கியம் முழுவதும் "திறந்திருக்கும்போது" என்ற சொல்லின் மேல் நிற்கிறது. 2016 முதல் 2022 வரை மாமன்றமே இல்லாத நகரத்தில் அந்த வழி திறந்திருந்ததா? மனுவுக்குப் பதில் வராத இடத்தில், கூட்டத்துக்கு அனுமதி கிடைக்காத இடத்தில்? திறந்திருக்கிறதா இல்லையா என்பதை நாமே தட்டிப் பார்த்துப் பதிவு செய்யாமல், மூடியிருக்கிறது என்று தெருவில் இறங்குவதும் முறையன்று. தட்டித் தட்டிக் கை ஓய்ந்த பிறகும் இறங்காமலிருப்பதும் முறையன்று. பெரியவர் சொன்ன அந்தச் சலிப்பூட்டும் வேலை, தோழர் சொல்லும் பெரிய வேலைக்கு நியாயத்தைச் சேர்த்து வைக்கிறது என்று நினைக்கிறேன்.

இலங்கையையும் பாருங்கள். 2022 ஜூலையில் கொழும்பின் காலிமுகத்திடலில் கூடிய மக்கள் ஓர் அதிபரை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். ஒரு வாரத்தில் நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அவர் பதவியேற்ற மறுநாள் விடியலுக்கு முன்பே படையினர் அந்தத் திடலின் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சித் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த பந்தலோ அதற்கும் முன்பே தொடங்கியது, அதற்குப் பின்னும் தொடர்ந்தது. ஒரு மாபெரும் கூட்டத்தின் வெற்றியை அளப்பது போல அந்தப் பந்தலை அளக்க எனக்குத் தெரியவில்லை, ஆனால் அது இல்லாமல் அந்தப் பெயர்கள் எப்போதோ மறைந்திருக்கும்.

மறுமொழி: பெரம்பூர் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. புளியந்தோப்புத் தோழரின் கேள்வியைத்தான் முதலில் எதிர்கொள்கிறேன். தெருக் கோடிக் குடியிருப்பிலிருந்து எங்கள் குழுவில் இரண்டு குடும்பங்கள்தாம் இருக்கின்றன. அதிலும் ஒருவர் எங்கள் வீட்டில் சமையல் வேலை செய்யும் அக்கா. அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை என்பதைத் தோழர் கேட்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நேற்று அவரிடம் கேட்டேன். "உங்கள் மாடிக்கு வந்தால் நான் டீ கொடுக்கத்தான் எழுந்திருப்பேன், கூட்டத்தை எங்கள் பக்கம் வையுங்கள்" என்றார். வரும் ஞாயிறு கூட்டம் அவர்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி அருகே நடக்கும். தலைமையேற்கவும் அவரையே கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பகுதி சபை குறித்த தகவல் உரிமை மனுவை எழுதிவிட்டோம். கையெழுத்திட்டவர் படிவம் 6 கொடுத்த அதே பாட்டி. கைது நேரத்தில் அழைக்க வேண்டிய எண்களையும் வழக்கறிஞர் சொன்ன நெறிமுறைகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறமும் ஒட்டுவதாகத் தீர்மானம். என் மாமனார் முதலில் வேண்டாம் என்றார். திருவல்லிக்கேணிப் பெரியவர் எழுதிய அரிசி நிகழ்ச்சியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமலிருந்து, 1976இல் வியாசர்பாடியில் தன் நண்பர் ஒருவரின் வீட்டுக்குத் தான் போகாமலிருந்ததைச் சொன்னார். அந்த நண்பர் இப்போது இல்லை.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. எங்கள் சாவடியில் மூன்று கட்சிகளுக்கு முகவராக உட்கார நான்கு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். மூவரும் வெவ்வேறு கட்சிகளின் முகவர்களாக இருந்துகொண்டு, தாங்கள் பெற்ற 17சி படிவங்களை மறுநாள் எங்கள் குழுவில் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சட்டத்தில் தடை ஏதும் உண்டா? நான்காவது பெண் மாற்று முகவராக இருக்கலாமா என்பதையும் சொல்லுங்கள். அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, மாலை ஆறு மணி வரை தொடர்ந்து உட்கார முடியாது, ஆனால் கடைசி இரண்டு மணி நேரம் தன்னால் முடியும் என்கிறார்.